இயற்கையா, ரசாயனமா? கேள்வியே தப்பு!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டின் முதல் ரிவ்யூ. எங்கள் டீமில் மூன்று பேர். தலைப்பைச் சொல்லிவிட்டு இரண்டாவது ஸ்லைடுக்குக்கூடப் போகவில்லை, அதற்குள் பின்வரிசையில் இருந்து ஒரு கேள்வி வந்தது.

"தவளைத் தோல்ல இயற்கையாவே கிடைக்கிற மருந்துன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் அதுல கெமிக்கலைப் போட்டு மாத்துறீங்க? இருக்குறதை அப்படியே கொடுத்தா என்ன?"

ஹாலில் பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். நாங்கள் "ஸ்டெபிலிட்டிக்காக சார்" என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்கு ஓடிவிட்டோம். அன்றைக்குச் சொல்ல வராத பதில்தான் இந்தக் கட்டுரை.

கேட்டவரைக் குறை சொல்லவில்லை. நீங்கள் அங்கே இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பீர்கள். 'இயற்கை' என்று அட்டையில் போட்டால் சோப்புக்கு இருபது ரூபாய் சேர்த்துக் கொடுக்கிறோம். கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் 'கெமிக்கல்' என்றால் பயம் வரத்தான் செய்யும். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் மருந்து விஷயத்தில் இந்த இயற்கை - ரசாயனம் கோடு நம்மைத் தப்பான இடத்தில் பார்க்க வைக்கிறது என்பதுதான் என் வாதம்.

பாட்டிக்கு ஏறிய ட்ரிப்ஸ்

இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்குக் காரணம் என் பாட்டி. இருபது வருஷமாகச் சர்க்கரை. கால் விரலில் சின்னதாக ஒரு புண். செருப்பு கடித்தது என்று நினைத்து மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது பாதம் வீங்கிக் கறுத்திருந்தது.

மூன்றாவது நாள் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. பார்த்திருக்கிறீர்களா? இடது பக்கம் ஆன்டிபயாட்டிக் பெயர்கள், வலது பக்கம் ஓர் எழுத்து. 'ஆர்' என்றால் அந்த மருந்தை அந்தக் கிருமி தாங்கிக்கொள்ளும், அதைக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. பாட்டியின் ரிப்போர்ட்டில் மேலிருந்து கீழ்வரை ஆர், ஆர், ஆர். டாக்டர் சொன்னார்: "கொலிஸ்டின் ஒண்ணுதான் கைவசம் இருக்கு. அது கிட்னியைத் தொந்தரவு பண்ணும். தினமும் கிரியேட்டினின் பாத்துப் பாத்துதான் ஏத்தணும்."

பாட்டி இரண்டு விரல்களை இழந்து வீட்டுக்கு வந்தார். கிரியேட்டினின் ஏறி, இறங்கி, ஒருவழியாக நின்றது. "இந்த இங்கிலீஷ் மருந்தே சூடுடா, உடம்பை உருக்கிடும். இயற்கை மருந்தா கொடுத்திருந்தா இப்படி ஆகியிருக்காது" என்று இன்றைக்கும் சொல்கிறார்.

பிறகு படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கொலிஸ்டினே ஓர் இயற்கைப் பொருள்தான்! மண்ணில் வாழும் பேனிபேசில்லஸ் பாலிமிக்ஸா என்ற பாக்டீரியா, மற்ற பாக்டீரியாக்களைக் கொல்வதற்காகத் தானே செய்துகொள்ளும் பெப்டைடு. 1940-களின் இறுதியில் கண்டுபிடித்தார்கள். கிட்னியைப் பாதிக்கிறது என்று 1970-களில் பெரும்பாலும் ஓரம் கட்டினார்கள். வேறு மருந்துகள் தோற்க ஆரம்பித்ததும் மறுபடி தூசி தட்டி எடுத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஊசியாகப் பல இடங்களில் கொடுக்கப்படுவது அந்த இயற்கைப் பொருளே அல்ல. அதன் அமீன் முனைகளை ரசாயன முறையில் மூடிய கொலிஸ்டிமெத்தேட் என்ற வடிவம். உடம்புக்குள் போன பிறகு அந்த மூடி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று கொலிஸ்டின் வெளியே வரும். ஏன் இவ்வளவு சுற்று? நேரடியாகக் கொடுப்பதைவிட இப்படிக் கொடுத்தால் நச்சுத்தன்மை குறைவு.

அதாவது, கிட்னியைத் தொந்தரவு செய்தது இயற்கை. அதைக் கொஞ்சமாவது தணித்தது ரசாயனம். பாட்டியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

தவளைக்குப் போதும், நமக்குப் போதாது

இப்போது தவளைக்கு வருவோம். 1980-களில் மைக்கேல் சாஸ்லாஃப் என்ற விஞ்ஞானி அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆப்பிரிக்க நகத் தவளைகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அறுவை செய்து, தையல் போட்டு, திரும்ப அழுக்குத் தண்ணீர்த் தொட்டியிலேயே விடுவார். அந்தத் தண்ணீரில் கிருமிக்கா பஞ்சம்? ஆனாலும் புண் சீழ் பிடிக்காமல் ஆறிவிடும். ஏன் என்று தேடிப்போனவர், தவளையின் தோலில் இருந்து 23 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு பெப்டைடுகளைப் பிரித்தெடுத்தார். 1987-ல் வெளியிட்டபோது வைத்த பெயர் மகைனின். ஹீப்ரு மொழியில் 'கேடயம்' என்ற சொல்லில் இருந்து வந்த பெயர்.

இது எப்படி வேலை செய்கிறது என்பது ஈ.சி.இ. நண்பர்களுக்குக்கூடச் சட்டென்று புரியும். மகைனினுக்கு நேர்மின்சுமை. பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் எதிர்மின்சுமை அதிகம். நம் செல்களின் வெளிப்பக்கம் பெரும்பாலும் நடுநிலை. அதனால் பெப்டைடு பாக்டீரியாவைத் தேடிப்போய் ஒட்டும். ஒட்டியதும் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, எண்ணெய்ப் பசை உள்ள பக்கத்தைச் சவ்வுக்குள் செருகி ஓட்டை போடும். பாக்டீரியா காலி.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? அப்படியே பாட்டிலில் அடைத்து விற்கலாமே? இங்கேதான் சிக்கல்.

நேர்மின்சுமையைக் கொடுப்பது லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள். நம் குடலில் இருக்கும் டிரிப்சின் என்ற நொதி ஒரு பெப்டைடை எங்கே வெட்டும் தெரியுமா? சரியாக லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்த இடத்தில்! ரத்தத்திலும் புண்ணிலும் இதே மாதிரி வெட்டும் நொதிகள் உண்டு, பாக்டீரியாவே சிலதைச் சுரக்கும். எது இந்த மருந்தின் பலமோ, அதுவே கத்தி விழும் இடம்.

தவளைக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. காயம் பட்ட இடத்திலேயே, தேவைப்படும் நேரத்தில், ஏராளமாகச் சுரந்துகொள்கிறது. சில நிமிஷம் தாக்குப்பிடித்தால் போதும், தீர்ந்தால் மறுபடி சுரக்கும். நமக்கு அப்படியா? ஆலையில் தயாராகி, குளிர்பதனத்தில் காத்திருந்து, நரம்பில் ஏறி, ரத்தம் முழுக்கச் சுற்றி, பாட்டியின் கால் விரல்வரை அது உயிரோடு போய்ச் சேர வேண்டும். தவளைக்காக எழுதப்பட்ட மருந்து இது. மனுஷனுக்குப் போக வேண்டும் என்றால் எடிட்டிங் தேவை.

எடிட்டிங் என்றால் என்ன?

நான்கு வழிகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, வாலை மூடுவது. பெப்டைடின் கடைசி முனையில் ஓர் எதிர்மின்சுமை தொங்கிக்கொண்டிருக்கும். அதை அமைடாக மாற்றினால் மொத்த நேர்மின்சுமை ஒன்று கூடும், முனையில் இருந்து கடித்துத் தின்னும் நொதிகளுக்கும் பிடி கிடைக்காது.

இரண்டு, கண்ணாடி பிம்பம். நம் புரதங்கள் எல்லாம் 'எல்' வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அதன் கண்ணாடி பிம்பமான 'டி' வகையைப் போட்டால், வலது கைக் கையுறையை இடது கையில் மாட்டுகிற கதைதான். நொதியால் பிடிக்கவே முடியாது. 1990-ல் மகைனினை முழுக்க முழுக்க 'டி' வகையில் செய்து பார்த்தார்கள். நொதிக்கு அசையவில்லை, பாக்டீரியாவை மட்டும் பழையபடியே கொன்றது. சவ்வு என்பது பூட்டு - சாவி விவகாரம் இல்லை, வலது இடது பார்க்காது என்பதும் அப்போது உறுதியானது.

மூன்று, வளைத்துக் கட்டுவது. பெப்டைடை மோதிரமாக்கிவிட்டால், முனையே இல்லை, நொதி எங்கே ஆரம்பிக்கும்? கொழுப்பு வால் ஒட்டுவதும் இதோடு சேர்த்தி. டாப்டோமைசின் என்ற மருந்து 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு மண் பாக்டீரியா செய்த பெப்டைடின் கொழுப்பு வாலைக் கழற்றி, வேறு நீளத்தில் வாலை மாட்டித்தான் அதன் நச்சுத்தன்மையைக் குறைத்தார்கள்.

நான்கு, சாதாரணப் புரதங்களில் இல்லாத அமினோ அமிலத்தைச் செருகுவது. இதில் எனக்குப் பிடித்தது 'எய்ப்' என்று சுருக்கமாகச் சொல்லும் அமினோ ஐசோபியூட்டிரிக் அமிலம். அதில் கூடுதலாக ஒரு மீத்தைல் தொகுதி இருப்பதால் சங்கிலி இஷ்டத்துக்குத் திரும்ப முடியாது, சுருளாகத்தான் நிற்கும். சங்கிலி எந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் திரும்பக் கூடாது என்று வரைபடம் போட்டுக் காட்டியது யார்? 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் அவருடைய சகாக்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரும். பயோகெமிஸ்ட்ரி தேர்வுக்கு நாம் மனப்பாடம் செய்கிற ராமச்சந்திரன் பிளாட் நம் ஊர் சரக்கு.

இப்போது ரிவ்யூவில் கேட்ட கேள்விக்கு வருவோம். இதெல்லாம் இயற்கைக்கு விரோதமா?

பாட்டிக்கு ஏறிய கொலிஸ்டினையே எடுத்துப் பாருங்கள். மொத்தம் பத்து அமினோ அமிலம். அதில் ஏழு மோதிரமாக வளைந்திருக்கும். ஒன்று கண்ணாடி பிம்பமான டி-லூசின். ஆறு, சாதாரணப் புரதங்களில் இல்லாத டை அமினோ பியூட்டிரிக் அமிலம். முனையில் கொழுப்பு வால். மோதிரம், கண்ணாடி, புது அமிலம், வால் - மேலே சொன்ன வித்தைகளில் முக்கால்வாசி அந்த ஒரு மூலக்கூறில் இருக்கிறது. செய்தது மனுஷன் இல்லை, மண்ணில் கிடக்கும் பாக்டீரியா! எய்ப் மட்டும் என்னவாம்? ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சை செய்யும் அலமெத்திசினில் அது வரிசையாக இருக்கிறது. அதே ட்ரைக்கோடெர்மா விரிடியைத்தான் வேர் அழுகலுக்கு நம் ஊர் விவசாயிகள் தொழு உரத்தில் கலந்து வயலில் போடுகிறார்கள்.

இயற்கையே கெமிஸ்ட்ரி லேப் நடத்திக்கொண்டிருக்கிறது. நாம் கோடு போட்டுப் பிரித்தது நம் மனதில்தான்.

ஆனால் எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது

இத்தோடு நிறுத்தினால் நான் கெமிக்கலுக்கு ஜால்ரா தட்டியது போல் ஆகும். மாற்றியமைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை.

மகைனினை எடிட் செய்து பெக்சிகனான் என்ற மருந்தைச் செய்தார்கள். 22 அமினோ அமிலம். நான்காக இருந்த லைசினை ஒன்பதாக்கி, வாலையும் மூடினார்கள். பாக்டீரியாவைக் கொல்லும் வேகம் கூடியது. எதற்காகக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு, களிம்பாக. பாட்டிக்கு வந்த அதே புண். 1999-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்தது. ஏற்கெனவே இருக்கும் மாத்திரையைவிட இது மேல் என்று காட்ட முடியவில்லை. பிறகு வேறொரு நிறுவனம் எடுத்து முயன்றது. 2016-ல் கடைசிக் கட்டச் சோதனையில், மருந்து கலக்காத வெறும் களிம்பைவிட மேலாக எதுவும் தெரியவில்லை.

இன்னொன்று முரெபாவாடின். பன்றியின் ரத்த வெள்ளணுக்களில் இருக்கும் பெப்டைடை மாதிரியாக வைத்து, மோதிரமாக வளைத்துச் செய்தது. சூடோமோனாஸ் என்ற கிருமியை மட்டும் குறிபார்த்து அடிக்கும். மூன்றாம் கட்டம்வரை வந்தது. 2019-ல் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சிறுநீரகப் பாதிப்பு தெரிந்ததால் ஊசி மருந்துச் சோதனையை நிறுத்தினார்கள்.

பாக்டீரியாவும் சும்மா இருக்காது. சவ்வையே அடிக்கும் மருந்துக்கு எதிர்ப்புத்திறன் வருவது கடினம் என்பது சாஸ்லாஃபின் நம்பிக்கை. அவரும் சேர்ந்து நடத்தி 2006-ல் வெளியிட்ட சோதனையிலேயே, பெக்சிகனானை மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுத்து 600, 700 தலைமுறை வளர்த்தபோது எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது. தன் நம்பிக்கைக்கு எதிரான முடிவைத் தன் பெயர் போட்டே வெளியிட்டார் பாருங்கள், அதற்காக அவருக்கு ஒரு சல்யூட்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று. 'பொட்டன்சி' என்ற ஒற்றை எண்ணைத் துரத்தினால் கவிழ்ந்துவிடுவோம். லைசினைக் கூட்டினால் கொல்லும் சக்தி கூடும், கத்தி விழும் இடமும் கூடும். எண்ணெய்ப் பசையைக் கூட்டினால் சவ்வில் நன்றாக இறங்கும், அப்போது நம் சிவப்பணுவையும் சேர்த்து உடைக்கும். ஒரு குமிழைத் திருப்பினால் மற்ற இரண்டும் நகரும். இதுதானே நாம் நான்கு வருஷமாகப் படிக்கும் இன்ஜினியரிங்?

ஆனால் நம் ப்ராஜெக்ட்டுகளில் என்ன செய்கிறோம்? பெட்ரி தட்டில் வட்டம் விழுந்ததா, எத்தனை மில்லிமீட்டர், போட்டோ எடு, ரிப்போர்ட்டை பைண்டிங்குக்குக் கொடு. துளசி, வேம்பு, பெப்டைடு எதுவானாலும் அதே வட்டம். நேர்மின்சுமை உள்ள பெப்டைடுகள் அகாரில் ஒட்டிக்கொண்டு சரியாகப் பரவுவதே இல்லை. கொலிஸ்டினுக்கு வட்டத்தை நம்பாதீர்கள், குழம்பில் நீர்த்துப்போக வைத்துப் பாருங்கள் என்று மருத்துவமனை ஆய்வகங்களுக்கே சர்வதேச வழிகாட்டுதல் இருக்கிறது. நாம் இன்னும் ஸ்கேலை வைத்து வட்டத்தை அளந்துகொண்டிருக்கிறோம்.

நாங்களும் அதைத்தான் செய்தோம். இருந்த ப்ராஜெக்ட் பணத்தில் மூன்றே மூன்று பெப்டைடு ஆர்டர் போட்டோம். நன்றாக வேலை செய்தது என்று நாங்கள் குதித்த ஒன்று, பிறகு சிவப்பணுவில் போட்டுப் பார்த்தபோது குழாயையே சிவப்பாக்கிவிட்டது. அந்தக் குழாயைப் பார்த்தபோது எனக்குப் பாட்டியின் கிரியேட்டினின் ரிப்போர்ட்தான் ஞாபகம் வந்தது.

கெமிஸ்ட்ரி தெரியாமல் இல்லை

மருந்து வராததற்குக் காரணம் வித்தை தெரியாதது மட்டும்தானா? செமாகுளூடைடு கேள்விப்பட்டிருப்பீர்கள். சர்க்கரைக்கும் எடை குறைக்கவும் வாரம் ஒரு ஊசி. அதுவும் எடிட் செய்த பெப்டைடுதான். மூல ஹார்மோன் நம் ரத்தத்தில் ஓரிரு நிமிஷத்தில் வெட்டுப்பட்டுப் போகும். வெட்டு விழும் இடத்தில் ஓர் எய்ப், இன்னோர் இடத்தில் நீளமான கொழுப்பு வால், இன்னும் சில சின்ன மாற்றங்கள். அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு வாரம்! மேலே சொன்ன அதே வித்தைகள்தான்.

வித்தியாசம் எங்கே? சர்க்கரை ஊசியை நோயாளி வருஷக்கணக்கில் வாங்குவார். புது ஆன்டிபயாட்டிக்கைப் பத்து நாள் போடுவார், அதையும் 'கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்' என்று டாக்டர் பூட்டி வைப்பார். அகாவோஜென் என்ற நிறுவனம் 2018-ல் ஒரு புது ஆன்டிபயாட்டிக்குக்கு அனுமதி வாங்கியது, 2019-ல் திவால். ஜெயித்த பிறகும் கடையை மூட வேண்டிய தொழில் இது. 2019-ல் மட்டும் எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாக்களால் உலகம் முழுக்க நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்பது மதிப்பீடு. லாபக் கணக்கில் இது வரவில்லை என்றால், அந்த இடத்தை அரசு நிதியும் பல்கலைக்கழகங்களும் நம் மாதிரிக் கல்லூரி லேப்களும்தான் பிடிக்க வேண்டும்.

நமக்கு இதில் தனிப் பொறுப்பும் உண்டு. என்.டி.எம்-1 எதிர்ப்பு மரபணுவின் பரவலைப் பற்றி 2010-ல் உலகமே பேசிய ஆய்வில் சென்னையில் எடுத்த மாதிரிகளும் இருந்தன. 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாட்டுக்கு வழி சொன்னதற்குப் பெயரே 'சென்னைப் பிரகடனம்'. கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை இந்தியா தடை செய்தது 2019-ல்தான்.

ஜூனியர்களுக்கு

அடுத்த வருஷம் நீங்கள் இந்தத் தலைப்பை எடுத்தால், வட்டத்தோடு நிறுத்தாதீர்கள். மூன்று எண் கேளுங்கள். எவ்வளவு குறைந்த அளவில் கிருமி வளர்ச்சி நிற்கிறது? 37 டிகிரியில் சீரத்தில் ஊறவைத்தால் எத்தனை மணி நேரம் தாங்குகிறது? எந்த அளவில் சிவப்பணுவில் பாதி உடைகிறது? மூன்றாவதை முதலாவதால் வகுத்தால் கிடைப்பதுதான், மெக்கானிக்கல் நண்பர்கள் பாஷையில் சொன்னால், ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி. ரத்தம் எடுப்பதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க அலைய வேண்டியிருக்கும், அதனால் முதல் மாதமே விண்ணப்பம் போடுங்கள். தோற்ற பெப்டைடையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள், அடுத்த பேட்ச் அதே பணத்தை அதே இடத்தில் தொலைக்காமல் இருக்கும்.

சி.எஸ்.சி. நண்பர்களே, பெப்டைடு வரிசையை மாடலில் போட்டுக் கணிக்கும் ஆர்வம் உங்களுக்கு இருக்கிறது. கொல்லுமா என்பதோடு நிறுத்தாமல், நிலைக்குமா, நம்மை விட்டுவைக்குமா என்பதையும் சேர்த்துக் கணிக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பின்வரிசைக் கேள்வி மறுபடி வந்தால் இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. "சார், இது இயற்கையா ரசாயனமான்னு பாட்டியோட கிட்னிக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் தாங்கும், எதை உடைக்கும், எதை விட்டுவைக்கும், இதை மட்டும் கேளுங்க. மூணு எண்ணும் அடுத்த ஸ்லைடுல இருக்கு."

இரண்டாவது ரிவ்யூ அடுத்த மாதம். அதில் ஒரு எண் இன்னும் நன்றாக வரவில்லை. அதையும் அப்படியே போட்டுத்தான் காட்டப்போகிறோம்.